ஐயாசாமி சொன்ன ‘போடு’

நான் எதைச் சொன்னாலும் அதற்குக் காது, மூக்கு வைத்துவிடுவேன் என்று என் மனைவி ராமாமணி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். வாஸ்தவம்தான். ஆனால் இதற்கு வைக்கவில்லை. வைக்க இடமே இல்லை.

1994. கணபதி என்ற ஊர்ப்பக்கம், இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் நான் ஃபிட்டர். புகையை இழுத்து வெளியே தள்ள, தகரக் கூட்டுக்குள் ஆள் உயர ஃபேன் ஒன்று. முதலாளி வேங்கடசாமி எங்கிருந்தோ பழசாக வாங்கி மாட்டியது. ஓடினால் ஷெட்டே ஆடும். முதலாளியின் பல்செட் கழன்று டீ டம்ளரில் விழுந்ததை நானே பார்த்தேன். (சரி, இது மட்டும் காது, மூக்கு.)

கையால் சுற்றிவிட்டால் ஒரே இறக்கைதான் அடியில் வந்து நிற்கும். பாரம் அந்தப் பக்கம். எதிர் இறக்கையில் இரும்புத் துண்டைப் பற்றவைத்துச் சரிக்கட்டுவேன். சில நாள் அமைதி. மறுபடி அதே இறக்கை அடியில்! தூசி இல்லை. விரிசல் இல்லை.

“கதிரேசா, இன்னொருக்கா ஆடுச்சுன்னா நீ ஊட்லயே இருந்துக்கப்பா” என்றார் முதலாளி.

எனக்குத் துணை அங்கப்பன். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிற சிநேகம். எங்களுக்கெல்லாம் ஒரு சட்டம் போட்டதும் அவன்தான். ஃபேனுக்குள் போனவன் வெளியே வந்து, தன் பெயரைச் சொல்லி, ‘போடு’ என்றால்தான் சுவிட்ச். ஆனால் அவன் மட்டும் உள்ளே வரவே மாட்டான்.

“எனக்கு மூச்சு முட்டுமுங்ணா.”

ஒரு ஞாயிறு. உச்சி வெயில். ஃபவுண்டரிக்கு லீவு. நான் ஃபேனுக்குள். அங்கப்பன் வெளியே, சுவிட்ச் அருகே.

அந்த இறக்கையை மேலே தள்ளிவிட்டுக் கையை எடுத்தேன்.

நின்றது.

பிறகு மெதுவாக... கீழே வந்தது. யாரோ பிடித்துத் தொங்குவதுபோல.

க்ரீச்...

கொதிக்கிற தகரத்துக்குள் என் பிடரி மட்டும் சில்லிட்டது.

காதருகே ஒரு குரல்.

“ஐயாசாமி வந்துட்டேன்... போடு.”

நான் கதிரேசன்! கத்த வாய் வரவில்லை.

வெளியே சுவிட்ச் கைப்பிடி கிறீச்சிட்டது...

பிறகு, ஆள் ஓடுகிற காலடிச் சத்தம்.

தவழ்ந்து வெளியே வந்தேன். சுவிட்சடியில் ஒற்றைச் செருப்பு. அங்கப்பன் கேட்டருகே உட்கார்ந்திருந்தான்.

“ஐயாசாமி யாருடா?”

“பழைய மில்லுல என்ற கூட்டாளிங்ணா. இதே ஃபேனுதானுங்... அவன் உள்ள இருக்கறப்ப, பேரு கேக்காம... போட்டுப்போட்டனுங்ணா.”

“தெரிஞ்சேவா என்னைய உள்ள உட்டே?”

“நீங்க போனா... அவன் என்னயத் தேடமாட்டான்னு நெனச்சனுங்ணா.”

அன்று எங்கள் டிபன் பாக்ஸில் அரிசிம்பருப்பு சாதம். அவன் வீட்டுச் சமையல். நான் தொடவில்லை.

அங்கப்பன் வேலையை விட்டு, உடுமலைப்பேட்டையில் ஒரு தேங்காய் நார் மில்லில் சேர்ந்தான். அவன் போன மறுநாள் எங்கள் ஃபேன் எதிர்ப்பக்கம் பாரமாகி ஆடியது. நான் பற்றவைத்த இரும்புத் துண்டுகளையெல்லாம் வெட்டி எடுத்தேன். அதோடு சரி. பம்பரம்போல ஓடியது.

அடுத்த மாதம் ஆபீசுக்கு அங்கப்பனிடமிருந்து போன் வந்தது.

“ஏனுங்ணா... இங்க புது ஃபேனுங். பெட்டியப் பிரிச்சு இப்பத்தான் மாட்டுனாங்க... ஒரே எறக்கை அடீல வந்து நிக்குதுங்ணா. உள்ள போக ஆளில்லீங்... நீங்க வாரீங்களா?”

பின்னால், அன்று என் காதருகே பேசிய அதே குரல், மெல்ல, என் பெயரைக் கேட்டது.

சொல்லாமல் போனை வைத்தேன்.