கடலுக்கு நேரே போட்ட சரி

சிவப்பு 'பிளாட்டிக்னம்' மார்க்கர் பேனையின் மூடியைத் திறந்தால் மூக்கில் ஏறுமே ஒரு காரமான வாசம், அதோடு கீழே பேக்கரியில் 'பனிஸ்' வேகும் வாசமும் மரப்படி வழியாக ஏறி வந்து கலக்கும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த மாடி அறையில்தான், எட்டு வயதில், சனிக்கிழமைதோறும் நான் ஆங்கிலம் படித்தேன். மகாவலி ஆற்றிலிருந்து எழும் பனி ஒன்பது மணியாகியும் சன்னலை விட்டு நகராது. பாதிப் பாடம் கனவில் கேட்டது போலத்தான் இன்றும் நினைவிருக்கிறது.

பரீதா மிஸ் 'பிரசன்ட் பெர்ஃபெக்ட்' கற்றுத்தந்த விதத்தை, இன்று அதையே பிழைப்பாகக் கொண்ட என்னால் மிஞ்ச முடிந்ததில்லை. விதி என்று ஒன்றையும் அவர் பலகையில் எழுதவில்லை. பெரிய 'பிரிஸ்டல் போர்ட்' ஒன்றில் கட்டம் கட்டமாகக் கோடு கீறி, பக்கவாட்டில் எங்கள் பெயர்களையும், மேலே ரயிலில் ஏறியது, யானையைத் தொட்டது, மரத்திலிருந்து விழுந்தது, கடலைப் பார்த்தது என்று பல காரியங்களையும் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார். செய்தவர் எழுந்துபோய் 'ஐ ஹேவ்' என்று தொடங்கி முழு வசனத்தையும் சொல்லி, தன் கட்டத்தில் சிவப்பில் ஒரு சரி போடலாம். எப்போது செய்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள், செய்திருந்தால் போதும். அந்தப் பேனையைப் பிடிப்பதற்காகவே மரத்திலிருந்து விழுந்தவர்கள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள்.

என் பெயருக்கு நேரே ஒரே ஒரு கட்டம்தான் வெள்ளையாகக் கிடந்தது: கடல். ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனதும் சித்தியிடம் வந்து சேர்ந்த எனக்குக் கடலை யார் காட்டுவது? புறப்பட்ட அன்று அம்மா என் தலையைத் தடவி, "வந்ததும் மொத வேலையா ஒன்னய கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லியிருந்தார். இரண்டு வருடம் என்று போனவருக்கு மூன்றும் முடிந்துவிட்டது. கேட்டால் சித்தி, வருவா வருவா, நீ படி என்பார். அந்த வெள்ளைக் கட்டத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. அது நிரம்பாதவரை அம்மா வரமாட்டார் என்று எப்படியோ மனதில் பதிந்துபோயிற்று.

ஒரு சனிக்கிழமை எழுந்துபோய், 'ஐ ஹேவ் சீன் த சீ' என்று கூசாமல் பொய் சொல்லிச் சரி போட்டேன். மிஸ்ஸுக்கு ஒரே சந்தோஷம். கடல் எப்படி இருந்தது, தமிழிலேயே சொல்லு என்றார். அதுவரை நான் கண்ட பெரிய தண்ணீரெல்லாம் மகாவலியும் கண்டிக் குளமும்தான். பச்சையாக இருக்கும், மீன் துள்ளும், சுற்றிவரச் சின்ன மதில் கட்டியிருக்கும் என்று அளந்துவிட்டு, "அந்தக் கரையில வீடு, பஸ் எல்லாம் தெரியும் மிஸ். எங்கம்மா அங்கதான் இருக்காங்க" என்று முடித்தேன்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்குக் காதெல்லாம் சுட்டது. அப்போது பேக்கரிக்காரரின் மகள் சபீனா கதிரையை விட்டு எழுந்தாள். லீவு விட்டால் நீர்கொழும்பில் மாமி வீட்டுக்குப் போய்க் கடலிலேயே கிடப்பவள் அவள்.

"மெய்தான் மிஸ். நானும் பாத்தீக்கிறேன். அந்தக் கரை தெரியும்."

சிரிப்பு நின்றுவிட்டது. கடலைப் பற்றி அவளை மறுத்துப் பேச அங்கே ஆள் ஏது? மிஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்; பிறகு என் சரியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். படியிறங்கும்போது சபீனா ஒரு பனிஸைப் பிய்த்துப் பாதியை என் கையில் வைத்தாள்.

எனக்குப் பதினொரு வயதானபோது அம்மா வந்தார். மெலிந்திருந்தார், எதையும் மெதுவாகப் பேசினார். ஆனால் சொன்ன சொல்லை மறக்கவில்லை; அடுத்த வாரமே பேராதனையில் ரயிலேறிக் கொழும்புக்குப் போனோம். காலிமுகத்திடல் கடற்கரையில் நின்றபோது எனக்கு வந்தது அழுகைதான். எவ்வளவு எட்டிப் பார்த்தும் அந்தக் கரையைக் காணவில்லை. அங்கிருந்து பார்த்தால் இந்தப் பக்கம் தெரிந்ததா என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் அலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு என்னா தெரியும் பாப்பா? ஆறு வருசமும் அந்த வீட்டு வாசலத் தாண்ட விடல. நானும் இப்பத்தான் மொதத் தடவயா பாக்குறேன்."

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு, உடுப்பு நனைய நனைய, வெகுநேரம் அங்கேயே நின்றோம்.

பேக்கரி மூடப்பட்டு, அந்த மாடி இன்று கைபேசி திருத்தும் கடையாகிவிட்டது. அம்மா இறந்து இரண்டு வருடமாகிறது. கண்டியில் நான் பாடம் சொல்லும் பிள்ளைகளுக்குச் சுவரில் பெரிய திரை வந்துவிட்டபோதும், இந்தப் பாடத்துக்கு மட்டும் நான் இன்னும் பிரிஸ்டல் போர்டில் கோடு கீறுகிறேன். முதல் வரியில் அம்மாவின் பெயரை எழுதி, கடலுக்கு நேரே நானே சிவப்பில் ஒரு சரி போட்டபிறகுதான் பிள்ளைகளைக் கூப்பிடுவேன். போன வாரம் ஒரு சின்னவள் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, இவங்களும் நம்ம கிளாஸா மிஸ் என்று கேட்டாள்.

"ஆமா," என்றேன். "இன்னைக்கு வரல."