பகலில் பூட்டிய வீடு

இங்கிலாந்தின் லெஸ்டரில் எங்கள் வீட்டுக் கதவில் தபால் போட ஒரு வாய் உண்டு. வேலை முடிந்து கதவைத் திறந்தால் கடிதங்கள் காலில் மிதிபடும். எழுத்துள்ள காகிதத்தை மிதித்துப் பழகாத எனக்கு இது இன்னும் கூச்சம்தான். தொண்ணூற்று ஆறில் இங்கே வந்த மூன்றாம் மாதம், அப்படி மிதிபட்டது ஒரு மஞ்சள் அட்டை. 'வாக்காளர் பதிவுக்காக வந்தோம். நீங்கள் வீட்டில் இல்லை. மீண்டும் வருவோம்' என்று அதில் இருந்தது. நான்கு நாள் கழித்து அதே போல இன்னொன்று. இரண்டு முறையும் நான் காலுறைத் தொழிற்சாலையில் ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் அலுவலகத்தில் இருந்தார். மகள் செலின் பக்கத்து வீட்டு குஜராத்தி அக்காவிடம் இருந்தாள். இது ஏதோ விசா விசாரணை என்றே எனக்குத் தோன்றியது. பாஸ்போர்ட்டுகளை எடுத்துத் தேதி பார்த்து, திரும்ப வைத்து, பிறகு வைத்தேனா என்று மறுபடி பார்த்தேன்.

'நீங்கள் வீட்டில் இல்லை.' அந்த வரி வேறொரு காரணத்துக்காகவும் உறுத்தியது. அதை நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன்.

தொண்ணூற்று நான்கில் காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். வாக்காளர் கணக்கெடுப்பில் எனக்கு இரண்டு தெருக்கள் கொடுத்தார்கள். முதல் தெருவில் பெரிய பெரிய வீடுகள், பாதிக்கு மேல் பூட்டியவை. ஒரு வீட்டில் காவலுக்கு இருந்தவர் நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, ஒன்பது பெயர்களைத் தடையில்லாமல் சொன்னார். "எல்லாரும் மெட்ராஸ்லயும் மலேசியாவுலயும் இருக்காக. விசேஷத்துக்கு வருவாக. பேரு இருந்துட்டுப் போகட்டும் டீச்சர்" என்றார். எழுதிக்கொண்டேன். பின்தெருவில் ஓட்டு வீடுகள் வரிசையாக, அவையும் பூட்டியிருந்தன. மணி பதினொன்று. எனக்கு ஆறாம் மாதம், வெயிலில் தலை சுற்றியது. அங்கே மோர் கொடுக்கவும் பெயர் சொல்லவும் யாரும் இல்லை. ஐந்து வீடுகளுக்கு நேராக 'பூட்டு' என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். மறுபடி போக வேண்டும் என்று விதி இருந்தது. நாளை, நாளை என்று தள்ளி, படிவங்களை ஒப்படைக்கும் நாள் வந்துவிட்டது. கர்ப்பத்தைக் காரணம் சொல்லலாம். ஆனால் அந்த வாரம் நான் வளைகாப்புக்குப் புடவை எடுக்க மதுரை வரை போய்வந்தேன் என்பதும் உண்மை.

அந்த ஐந்தில் ஒரு வீடு இருளாயியுடையது. எங்கள் பள்ளிக்குப் புதிய வகுப்பறை கட்டியபோது சித்தாளாகக் கலவை சுமந்தவள். தொண்ணூற்று ஆறு தேர்தலில் நான் செலினை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறேன், அவள் வாக்குச்சாவடியிலிருந்து வெளியே வருகிறாள். முழங்கை வரை சிமெண்டு.

"எம் பேரு இல்லையாம் டீச்சர். நீகதானே எழுதுனீக?"

"நான் வந்தேன் இருளாயி. வீடு பூட்டியிருந்துச்சு."

"பகல்ல பூட்டாம? வீட்டுல உக்காந்துக்கிட்டிருந்தா ஒலை வைக்கிறது எதை வச்சு?" என்று சிரித்தாள். "பொழுது சாய வந்திருந்தீகன்னா ஒரு டீத்தண்ணியாச்சும் குடுத்திருப்பேன். சரி விடுங்க, மேஸ்திரி ஒரு மணி நேரந்தான் விட்டாரு."

அவள் ஓடிவிட்டாள். திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

மஞ்சள் அட்டைக்காரர் மூன்றாம் முறை மாலை ஆறரைக்கு வந்தார். மழையில் நனைந்த கோட்டோடு ஓர் அறுபது வயதுப் பெண். என்னை 'மி டக்' என்றார். வாத்து என்கிறாரே என்று திகைத்தேன். இந்த ஊரில் 'கண்ணு' என்பது போல அது என்று பின்னால் தெரிந்தது. மூன்று பாஸ்போர்ட்டையும் நீட்டினேன். தொடவே இல்லை. பெயர், வயது, எந்த நாடு, அவ்வளவுதான் கேட்டார். காமன்வெல்த் நாட்டுக்காரர் இங்கே வசித்தால் வாக்கு உண்டாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. "நாங்கள் திரும்பிப் போய்விடுவோம்" என்றேன். வீடு மாறப்போகிறோம் என்று அவர் புரிந்துகொண்டார்.

"எப்போது? பட்டியல் தேதி அக்டோபர் பத்து, அதற்கு முன்னாலா?"

"தெரியாது. ஒருநாள்."

"அப்படியானால் இப்போது இங்கேதானே இருக்கிறீர்கள்?"

அவர் நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். "மூன்று தடவை அலைந்தீர்களே" என்றேன். "வேலைக்குப் போகிறவர்களை வேறு எப்படிப் பிடிப்பது?" என்றார், குடையை உதறியபடி.

அந்த வாரமே ஊரில் என்னோடு வேலை பார்த்த சகாயமேரிக்கு எழுதினேன். இருளாயி வீட்டுக்குப் போ, ஆனால் ஆறு மணிக்கு மேல் போ, பெயர் சேர்க்கும் படிவத்தை நீயே நிரப்பிக் கொடு என்று. ஏரோகிராம் கடிதத்தில் 'ஆறு மணிக்கு மேல்' என்பதற்கு இரண்டு கோடு போட்டேன்.

மறு வருடம் மே மாதம் இங்கே தேர்தல். வேலை நாள்தான், ஆனால் காலை ஏழிலிருந்து இரவு பத்து வரை வாக்குச்சாவடி திறந்திருந்தது. தொழிற்சாலையிலிருந்து நேரே போனேன். நூலில் கட்டிய பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு, இன்னும் விரலில் மை வைக்கவில்லையே என்று பழக்கத்தில் இடது கையை நீட்டிக்கொண்டு நின்றேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஒரு கணம் விழித்துவிட்டு, எழுந்து என் கையைக் குலுக்கினார்.

சகாயமேரியின் பதில் அதன் பிறகுதான் வந்தது. படிவம் கொடுத்தாயிற்று. விசாரணைக்குத் தாலுகா அலுவலகத்துக்கு வரச் சொன்னார்களாம், அதுவும் வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு. இருளாயி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் நின்றிருக்கிறாள். துணைப் பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது. "டீச்சர் பேரு இருக்கான்னு பாருங்க" என்று என்னைப் பற்றி அவளே கேட்டாளாம். இருந்தது. மாமியார் திருச்சிக்கு மூத்த மகனிடம் போய்விட்டதால் எங்கள் காரைக்குடி வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. பெயர் மட்டும் அந்த வீட்டு எண்ணிலேயே இருக்கிறது.

"நல்லாருக்கே! இங்கன கெடக்குறவ கூலிய விட்டுட்டு நிக்கணும். சீமைக்குப் போனவுக பேரு நோகாம உக்காந்திருக்கு" என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். பிறகு, சகாயமேரி கிளம்பும்போது, "அவுக பேர எடுக்கச் சொல்லிறாதீக. வந்தாகன்னா ஒண்ணாப் போயி ஓட்டுப் போடுவோம்" என்றாளாம்.

அதே கடிதத்தில் நான் கேட்டிருந்தபடி, என் பெயரை நீக்கும் படிவம் ஒன்றையும் சகாயமேரி உள்ளே வைத்திருந்தாள். கணக்கெடுத்தவள் நான், அங்கே வசிக்காதவர் பெயர் அங்கே இருக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நாளை, நாளை என்று அதையும் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

இன்று வேலை முடிந்து கதவைத் திறந்தபோது இந்த வருடத்து மஞ்சள் அட்டை காலில் பட்டது. குனிந்து எடுத்துத் துடைத்தேன். இன்று பகலில் காரைக்குடியிலும் யாராவது ஓர் ஆசிரியை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "வருவாக டீச்சர், பேரு இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லியிருக்கலாம்.