‘விடு’ என்றொரு பாய்ச்சல்

கியூபெக்கின் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற டனிஸ்ரனுக்கு மாலையானால் வேறு வேலை: ஆட்களை விழுத்துவது. புரோசார்ட் இளைஞர் ஃபுட்போல் அணியின் தடுப்பாட்டப் பயிற்சியாளர் அவன்; காலால் உதைக்கிற ஃபுட்போல் இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஆளை இடித்து விழுத்துகிற ஃபுட்போல். பந்தெறிகிற குவாட்டர்பக்கின் மேல் யாரை எந்தச் சந்தால் பாயவிடுவது என்று திட்டம் போடுவதில் பொல்லாத மூளைக்காரன். இடப்பக்கத்தில் ஒருவனைப் பாய்வதுபோல் காட்டுவான். எதிரிகள் அங்கே திரும்ப, வலப்பக்கத்தால் இருவர் வந்து நெஞ்சில் இடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். அப்படியொரு பிறவி!

எல்லாரும் ஒன்றாகப் பாய்கிற பாய்ச்சலுக்கு அவன் வைத்த பெயர் ‘விடு’. நாயை அவிழ்த்துவிடுகிற விடு. எதிரணிக்குத் தமிழ் எங்கே விளங்கப் போகிறது? அவனுடைய ஹெயிற்றிப் பெடியளும் கியூபெக் பெடியளும்கூட அர்த்தம் கேட்கவில்லை. சொல் காதில் விழுந்தால் பாய வேண்டும், அவ்வளவுதான்.

2006 இறுதியாட்டத்தில் எதிரணிக் குவாட்டர்பக் வேறு யாருமில்லை, அக்கா றோஸ்மேரியின் மகன் டினோஜன். ஆட்டத்துக்கு முதல்நாள் கோயில் வாசலில் அக்கா அவன் கையைப் பிடித்தாள்.

“தம்பி, எனக்கு அவன் ஒரே பிள்ளையடா.”

“ஓம் அக்கா, நான் பாத்துக்கொள்ளுறன்.”

அதற்காகவே அன்று ‘விடு’வை வாயில் எடுக்காமல் வைத்திருந்தான். ஆனால் மற்றப் பாய்ச்சல்கள் சும்மாவா? கடைசிக் கட்டத்தில் ஒரு இடியில் டினோஜனின் இடது தோள் கழன்றது. வாயெல்லாம் இரத்தம். விசரன், கை தொங்கத் தொங்க எழும்பி அடுத்த பந்துக்கு நின்றான். டனிஸ்ரனுக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் மறந்துபோயின. கோட்டோரம் ஓடிக் கத்தினான்.

“டேய், விடு! அவனை விடு!”

பெடியளுக்கு விளங்கியது ஒரே ஒரு சொல். பந்து டினோஜனின் கைக்குப் போனதும் அத்தனை பேரும் பாய்ந்தார்கள். மாமா தடுத்துவிட்டார் என்று நம்பிய டினோஜன் பந்தோடு தளர்ந்து நின்றான். முதல் இடி முழங்காலை மடக்கியது. மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் கம்பிவேலிவரை கேட்டது.

பெடியள் துள்ளினார்கள். றோஸ்மேரி வேலி தாண்டி ஓடிவந்து மகனின் தலையை மடியில் தூக்கினாள்.

“தம்பி, நீ விடச்சொல்லிக் கத்தினது எனக்கும் கேட்டது. இந்தப் பாவியள் ஏனடா விடேல்லை?”

பெடியள் தான் சொன்னபடிதான் செய்தார்கள் என்று தெரிந்த டனிஸ்ரன், டினோஜனின் தலைக்கவச வாரை அவிழ்க்கக் குனிந்தான்.