மாமா காத்து வைத்த நம்பர்

நொர்வேயில், ஹவுகன்ஸ்டுவாவில் மாமாவின் வீட்டுக் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது சப்பாத்து அலுமாரிக்கு மேல் இருந்த தொலைபேசிதான். பால்தேத்தண்ணி நிறம். நாலும் ஏழும் அழிந்தே போயிருந்தன. மாமி பின்னிய வெள்ளை விரிப்பின் மேல் அது சாமிப் படம் மாதிரி வீற்றிருக்கும். வீட்டில் தூசி படிந்த சாமான் எத்தனையோ இருக்க, அதை மட்டும் மாமா ஒவ்வொரு காலையும் ஈரத்துணியால் துடைப்பார். துடைத்துவிட்டு ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்து, உயிர் இருக்கிறதா என்று பார்ப்பார். நான் வேலை முடிந்து வருகிற வழியில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவள். நாள் முழுக்க ஊர்க் கிழவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, காலுறை மாட்டிவிட்டு வருகிறவளுக்கு அந்தத் தொலைபேசியைக் கண்டால் எரிச்சல்தான் வரும். அதில் மணி அடித்தால் யாராவது எதையாவது விற்கத்தான் போன் எடுத்திருப்பார்கள்.

மாமா என்றால் என் கணவரின் தகப்பன். மாமி எங்கள் கலியாணத்துக்கு முன்னமே காலமாகிவிட்டார். வெஸ்ட்லியில் எங்களோடு வந்து இருங்கோ என்று நாங்கள் கேட்காத மாதம் இல்லை. "எனக்கு இஞ்சை என்ன குறை?" என்பார். குறை ஒன்றும் இல்லைத்தான். குறையை நிரப்ப நான் ஒருத்தி இருந்தேனே. வரிக் கடிதம், வைத்தியரிடம் நேரம் எடுப்பது, மின்சாரக் கம்பனி எல்லாம் என் தலையில். என் கணவர் இவரிடம் சொன்னால், "நீ வடிவா நொர்ஸ்க் பாசை கதைப்பாய்தானே, நீயே எடன்" என்று வலு சுகமாய்ச் சொல்லிவிட்டு பஸ் ஓட்டப் போய்விடுவார்.

பழைய கம்பி இணைப்புகளை எல்லாம் நிறுத்தப்போகிறோம் என்று தொலைபேசிக் கம்பனியிடமிருந்து கடிதம் வந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். "விட்டது சனியன் மாமா, கைபேசி கிடக்கு, இனி வீட்டு போன் என்னத்துக்கு?" என்றேன். மாமா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன் போனால் போகட்டும் பிள்ளை. நம்பர் மட்டும் மாறக்கூடாது" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். ஸ்தவாங்கரில் இருக்கிற அவருடைய தம்பிக்காக, எங்களுக்குச் சின்னமாமாவுக்காக.

அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையிலான கோபத்தின் வேர் என் கலியாணம். எங்கள் ஆட்களிடம் கலியாணத்துக்குக் கார்ட் அனுப்பினால் மட்டும் அது அழைப்பு ஆகாது. வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். தூரத்தில் இருந்தால் தொலைபேசியில் எடுத்தாவது வாய் திறந்து சொல்ல வேண்டும். மாமி இருந்திருந்தால் கொப்பியில் பெயர் எழுதி ஒவ்வொருவராய் எடுத்துச் சொல்லியிருப்பார். மாமி இல்லை. மகன் எடுத்திருப்பான் என்று மாமா நினைத்தார், அப்பா எடுத்திருப்பார் என்று இவர் நினைத்தார். சின்னமாமாவுக்குத் தபாலில் கார்ட் மட்டும் போனது. சொந்தத் தமையன் வீட்டுக் கலியாணத்துக்கு ஊரான் மாதிரி ஒரு கார்ட்! மணவறையில் சின்னமாமாவுக்கென்று போட்ட கதிரை வெறுமையாய் இருந்ததை நான் தலை குனிந்திருந்தபடியே கண்டேன். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. எடுத்து ஒரு வார்த்தை சொல்லுங்கோ என்று ஆரம்பத்தில் நானும் சொல்லிப் பார்த்தேன். "பிழை என்ரதுதான். ஆனா வராமல் விட்டது அவன். கோவம் ஆறினால் எடுப்பான். இந்த நம்பர் அவனுக்கு மனப்பாடம்" என்பார் மாமா. மாமாவின் கைபேசி நம்பரைச் சின்னமாமாவுக்கு அனுப்பிவிடவா என்று கேட்டால், "அது நான் முதல் எடுத்த மாதிரி ஆயிடும்" என்பார். இப்படியே பதினொரு வருசம். சின்னப் பிள்ளைகள்கூட இரண்டு நாளில் கோபம் ஆறிவிடுவார்கள்.

சரி, கிழவரோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. நம்பரை வைத்துக்கொண்டே இணையத் தொலைபேசிக்கு மாறலாம் என்று இன்னொரு கம்பனி சொன்னது. அவர்களின் தொலைபேசி வரிசையில் பதினான்காவது ஆளாய் நின்று, இங்கே அடையாளத்துக்குக் கேட்கிற வங்கிக் கடவுச்சொல்லை மாமா தொலைத்திருந்ததால் புதிது எடுத்து, எல்லாம் நிரப்பிக் கொடுத்தேன். ஒரு விசயத்தை மட்டும் மாமாவுக்கு விரல் நீட்டிச் சொன்னேன். "பழைய கம்பனிக்கு நாங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. புதுக் கம்பனியே அவங்களோடை கதைச்சு நம்பரை வாங்கும். நீங்கள் சும்மா இருந்தால் காணும்." மாமா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பியிருக்கக் கூடாது.

அடுத்த கிழமை நான் சாப்பாட்டோடு போனபோது மாமா ரிசீவரைக் காதில் வைத்தபடி சப்பாத்து அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றார். சத்தம் இல்லை என்றார். வாங்கிக் கேட்டேன். செத்துப்போய்க் கிடந்தது. "யாரோடையாவது கதைச்சனீங்களோ மாமா?" என்றேன். ரிசீவரை வாங்கி அதன் இடத்தில் வைத்தார். பிறகு சொன்னார்: "ஓம். பழைய கம்பனிக்கு எடுத்தனான். இவ்வளவு காலம் அவங்கட லைனிலை கதைச்சுப்போட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போறது சரியே? ஒருக்கால் சொல்லாமல் விட்டுத்தானே இவ்வளவும் வந்தது." மீன் தொழிற்சாலையில் வேலை செய்து பழகிய தன் நொர்ஸ்க்கில் அந்தக் கம்பனிப் பெண்ணிடம், நாங்கள் போகிறோம், எல்லாத்துக்கும் நன்றி என்று சொல்லியிருக்கிறார். நொர்வேக்காரர் அந்த நன்றி வசனத்தைக் கல்லறையில் பொறிப்பவர்கள். அவள் அன்றைக்கே இணைப்பை முடித்துவிட்டாள். முடித்த இணைப்பின் நம்பரைப் புதுக் கம்பனியால் எடுக்க முடியாது. பழைய கம்பனியோ, அந்தக் கம்பியே இனி இல்லை, திருப்பி உயிர்கொடுக்க வழியில்லை என்றது.

நான் கத்தினேன். வயது போன மனிசன் என்றும் பார்க்கவில்லை. "படிச்சுப் படிச்சுச் சொன்னனானே மாமா! கம்பனிக்காரனுக்கு என்ன மரியாதை வேண்டிக் கிடக்கு?" மூன்று கிழமை நான் இடைவேளைகளில் வாகனத்துக்குள் இருந்து இரண்டு கம்பனிக்கும் மாறி மாறி எடுத்தேன். மேலதிகாரியைக் கேட்டேன், முறைப்பாடு எழுதினேன். கடைசியில் ஒரு பொடியன் மிகவும் தன்மையாக, "அந்த நம்பர் போய்விட்டது அம்மணி" என்றான். அன்றைக்கு நான் வாகனத்துக்குள் இருந்து அழுதேன். நம்பருக்காக இல்லை, அலுப்பில்.

விசயத்தைச் சொன்னபோது மாமா கையிலிருந்த தேத்தண்ணியை வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "பிள்ளை, நம்பர் மாறிப்போச்செண்டு ஸ்தவாங்கருக்கு நீ ஒருக்கா எடுத்துச் சொல்லிவிடன்" என்றார். எனக்கு வந்ததே கோபம். "அவர் வராமல் விட்டது என்ரை கலியாணத்துக்கு மாமா. அதுக்கும் நான்தான் கதைக்கோணுமோ? கம்பனிக்காரனுக்குச் சொல்லத் தெரிஞ்ச உங்களுக்கு, கூடப் பிறந்தவனுக்குச் சொல்லத் தெரியாதோ?" என்று என் கைபேசியை அவர் முன்னால் வைத்தேன்.

மாமா எழுந்து போய், மாமி நம்பர்கள் எழுதி வைத்த கொப்பியை எடுத்துவந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு இலக்கமாய் அழுத்தினார். கடைசி இலக்கத்தை அழுத்தியதும் திரையில் பெயர் வந்தது. சின்னமாமா, ஸ்தவாங்கர். நானே தமிழில் எழுதிச் சேமித்த பெயர். மாமா அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பச்சைப் பொத்தானை அழுத்தினார். ஏசியிருக்கலாம். அதற்குள் மறுபக்கம் எடுத்துவிட்டார்கள்.

"நான்தான்" என்றார் மாமா. "வீட்டு நம்பர் மாறிப்போச்சு. அதைச் சொல்லத்தான் எடுத்தனான்." கைபேசியின் ஒலிபெருக்கியில் சின்னமாமாவின் குரல் கேட்டது. "எந்த நம்பர் அண்ணை? அது என்னட்டை இல்லை. பழைய போன் பழுதானதோடை போச்சு. மனதிலையும் நிக்கேல்லை. எத்தினையோ தரம் எடுப்பம் எண்டு நினைச்சனான். ஆரிட்டைக் கேக்கிறது? கேட்டால் நான் இறங்கி வந்திட்டன் எண்டு கதைப்பினம்." மாமா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு இரண்டு பேரும் நீரிழிவைப் பற்றியும் மழையைப் பற்றியும் கதைத்தார்கள். நான் குசினிக்குள் போய்க் கோப்பை கழுவினேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கதைத்துக்கொண்டார்கள். கோடையில் வருகிறேன் என்று சின்னமாமா சொல்லியிருந்தார். கோடைக்கு முன்னம் மாமா போய்விட்டார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று, சின்னமாமாவுக்குச் செய்தி சொல்ல அந்தப் பெயரை நான்தான் அழுத்தினேன். மாமாவிடம் சொல்லாத ஒன்றை இப்போது எழுதிவிடுகிறேன். கலியாணம் முடிந்து இரண்டாம் வருசம், ஒரு செத்தவீட்டில் சின்னமாமாவைக் கண்டேன். தன் நம்பரை என் கைபேசியில் தானே அடித்துத் தந்து, "ஏதும் எண்டால் சொல்லு பிள்ளை" என்றார். நான் ஓம் என்றேன். அன்றைக்கு மாமாவின் நம்பரை அவருக்குச் சொல்லியிருக்க அரை நிமிசம் போதும். அவருக்கு அது தெரியும் என்றுதான் நினைத்தேன், கேட்கவில்லை. பிறகும் எத்தனையோ தரம் அந்தப் பெயரைத் தாண்டித் தாண்டி வேறு ஆட்களுக்கு எடுத்தேன். இவர்களின் கரைச்சலுக்குள் நான் ஏன் போகவேணும் என்று இருந்தேன். களைத்துப்போயிருந்தேன், அது பொய்யில்லை. ஆனால் ஒன்பது வருசமும் களைப்புத்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மணி இரண்டு தரம் அடிக்க முன்னமே சின்னமாமா எடுத்தார். என் பெயரைச் சொல்லிவிட்டு, நான் ஒன்றும் சொல்ல முதலே, "ஏதுமோ பிள்ளை?" என்று கேட்டார்.