தண்ணி வுட்டாச்சா?

உப்பளத்தில் தண்ணி விடுகிற வேலை, வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சும்மா நிற்கிற வேலையாகத்தான் தெரியும். வாய்க்கால் மடையைத் திறந்துவிட்டு, பாத்தி நிரம்புகிறவரை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்க வேண்டும். நிரம்பிய பாத்தியில் வானம் முழுசாக இறங்கிப் படுத்திருக்கும். பார்த்துக்கொண்டே நின்றால் மேல் எது, கீழ் எது என்று மறந்துபோகும். நான் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் பாதி மயக்கம் சரக்கினால், பாதி இந்த வானத்தினால். குடியை விடப் பார்த்துத் தோற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

எந்தத் தண்ணி?

எங்கள் மேஸ்திரி தினமும் காலையில் வரப்பின்மேல் நின்று, "ஏழுமலை, தண்ணி வுட்டாச்சா?" என்று கத்துவார். "வுட்டாச்சுண்ணா" என்பேன். உப்பு வாருகிற நாளில் நாங்கள் மடையே திறக்க மாட்டோம். அன்றைக்கும் கேட்பார். பாவம், வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

என் மனைவி செல்வி என் குடியைத் தாங்க முடியாமல், குழந்தையோடு பெருமுக்கல்லில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். குடியை விட்டால்தான் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவள். ஒருநாள் நான் மடையில் நிற்கும்போது போன் செய்து, "தண்ணி வுட்டாச்சா?" என்றாள். பழக்க தோஷத்தில் நான், "காலையிலயே வுட்டாச்சு, சாயந்திரம் இன்னொரு தடவ வுடணும்" என்றேன். கொஞ்ச நேரம் போனில் காற்று மட்டும் கேட்டது. பிறகு சொன்னாள்:

"நான் எந்தத் தண்ணியக் கேக்குறேன்னு கூடவா உனக்குத் தெரியல?"

பிரியாணிக் கூட்டம்

கை நடுக்கத்துக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில் ஒரு நர்ஸம்மா சொன்னார். குடியை விட நினைக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் மரக்காணத்திலேயே ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்களாம். இடம் அவருக்கும் தெரியவில்லை. அந்த ஞாயிறு டீக்கடையில் கேட்டேன். குடி என்ற வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. "இங்க கூட்டம் எங்க நடக்குது?" என்றேன். டீ மாஸ்டர் எதிரே இருந்த மண்டபத்தைக் காட்டினார்.

உள்ளே போனதும் ஒருவர் தோளில் துண்டு போட்டார். ஒருவர் பிரியாணிப் பொட்டலம் தந்தார். தலைக்கு மேலே ஃபேன் ஓடியது. குடிகாரர்களுக்கு இத்தனை மரியாதையா என்று கண் கலங்கிவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் மேடைக்குத் தெரியாமல் ஒரு குவார்ட்டரை நீட்டியபோதுதான், அது கட்சிக் கூட்டம் என்று புரிந்தது. என் கையும் நீண்டது. பொய் சொல்ல மாட்டேன். பாட்டிலின் குளிர்ச்சி விரலில் பட்ட நேரத்தில், செல்வியின் போனில் கேட்ட அந்தக் காற்று ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"தண்ணி வாணான்னா அப்புறம் இன்னாத்துக்குப்பா கூட்டத்துக்கு வந்த?"

போர்டு

அடுத்த வாரம் முழுக்கக் கனவில் நடக்கிற மாதிரி இருந்தது. உச்சி வெயிலில் அளம் அசையும். தூரத்தில் உப்புக் குவியல்கள் தரையை விட்டு எழும்பி மிதக்கும். நடுவே ஒரு பிராந்திக் கடையும் அதன் முன்னால் வரிசையும் தெரியும், கிட்டே போனால் வெறும் வரப்பு. அங்கேயே உட்கார்ந்தேன். எங்களோடு உப்பு சுமக்கும் மேரி கூடையை இறக்கி வைத்தாள். கட்சிக் கூட்டத்தில் நான் மாட்டிய கதை அதற்குள் அளம் முழுக்கத் தெரிந்திருந்தது. அவள் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"நீ தேடுன அந்தக் குடிய வுடுற கூட்டத்துக்குத்தாண்ணா எங்க வூட்டுக்காரரும் போறாரு. பஸ் ஸ்டாண்டு பின்னாடி மாடியில தையல் கிளாஸ்னு போர்டு இருக்கும், வெக்கப்படாம ஏறிப் போ."

தையல் கிளாஸ்

ஞாயிற்றுக்கிழமை ஏறிப் போனேன். வாசலில் ஏழெட்டு ஜோடி ஆம்பளைச் செருப்புகள். அதில் ஒரு ஜோடியின் ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. உள்ளே தையல் மெஷின்களுக்கு நடுவே பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் எங்கள் மேஸ்திரி. அவர் பேரைச் சொல்ல மாட்டேன், அந்த அறையின் விதி அது. அவரே சொல்லச் சொன்னதால் மேஸ்திரி என்று மட்டும் சொல்கிறேன். ஜன்னலுக்கு வெளியே கடல் வெளிச்சம். உடம்பு லேசாகி மிதக்கிற மாதிரி இருந்தது. என் முறை வந்ததும், "என் பேரு ஏழுமலை, உப்பளத்துல தண்ணி வுடுறேன்" என்று உளறினேன். எல்லாரும் கை தட்டிவிட்டார்கள். மேஸ்திரி மட்டும் என்னையே பார்த்தார்.

"டேய், ரெண்டு வருஷமா தெனம் காலையில ஒன்னக் கேக்குறேன், நீ பாத்தியப் பத்தியே பதில் சொல்லினு இருக்குற."

மறுநாள் காலை

மடையில் நின்றபடி செல்விக்குப் போன் செய்தேன். அவள் கேட்பதற்கு முன்பே, "வுட்டாச்சு. நேத்து வுட்டேன், இன்னிக்கும் வுட்டுட்டேன். நாளைக்குத் தெரியாது" என்றேன். எனக்கு அழுகை வந்தது. பாத்தியில் இருந்த வானம் கலங்கித் தெரிந்தது. அவள் மெதுவாகச் சொன்னாள்:

"நாளைக்கு நானே நேர்ல வந்து கேக்குறேன்."

ஆக, என் பிழைப்பில் இரண்டு தண்ணியையும் காலையில் புதிதாகத்தான் விட வேண்டியிருக்கிறது, பாத்தித் தண்ணிக்காவது உப்பு வாருகிற நாளில் லீவு உண்டு, மற்றதுக்கு அதுவும் கிடையாது.