இடப்பக்கத்துப் பெட்டி

உடுப்பிட்டியில் எங்கள் வீட்டின் பின்னறைதான் என் ஸ்ரூடியோ. மேசையின் இரண்டு முனைகளிலும் நிற்கிற ஸ்பீக்கர்கள் பதினாறு வருடப் பழசு. சும்மா பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர்கள் இல்லை. பதிந்ததில் எங்கே பிழை என்று காட்டிக்கொடுக்கிறவை. குரலையும் வாத்தியங்களையும் அளவாகச் சேர்க்கும்போது நான் திரையில் ஓடும் கோடுகளைப் பார்ப்பதில்லை. காதால் வேலை செய்கிறவன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் அவரைப் பற்றிப் பாட்டுகள் எழுதி, கல்வெட்டு என்று புத்தகமாக அடித்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். இப்போது அந்தப் பாட்டுகளைப் பாடிப் பதிந்து வெளிநாட்டுச் சொந்தங்களுக்கும் அனுப்புகிறார்கள். என் வேலையில் பாதி அதுதான். தாயின் செத்த வீட்டுக்கு வர முடியாமல் போன ஒரு பெண், லண்டனிலிருந்து கல்வெட்டைப் பதிந்து தரச் சொன்னார். பாடவைத்து, சேர்த்து அனுப்பினேன். பின்னேரமே அவருடைய குரல் பதிவு வந்தது.

“அண்ணை, பாட்டு நல்லாயிருக்கு. ஆனா குரல் இடப்பக்கக் காதுக்கை சாஞ்சு கிடக்கு. அம்மாவின்ரை பாட்டு நடுவிலை கேக்க வேணும்.”

அவருடைய ஹெட்போன் பழுதாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். இரண்டு கிழமைக்கு முன் கோயில் பாட்டுப் பாடிய ஒருவரும் இதையே சொல்லி, நான் அவரை ஹெட்போனைத் துடைத்துவிட்டுக் கேட்கச் சொல்லியிருந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே பக்கத்தில் பிழைக்குமா? அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் இடப்பக்கத்து ஸ்பீக்கர் பெட்டி சோர்ந்துவிட்டது. அது குறைவாகத் தருகிறது என்று நான் அந்தப் பக்கத்தைக் கூட்டிவிடுகிறேன், கேட்கிறவர்களுக்கு அது மிஞ்சிப்போகிறது. அவ்வளவுதான் விஷயம்.

நல்ல காலத்துக்கு, கனடாவிலிருக்கும் மச்சான், மனைவியின் தம்பி, அடுத்த கிழமை வருவதாக இருந்தார்.

“அத்தான், நான் சோடியா வாங்கிக்கொண்டு வாறன். எது வேணுமெண்டு இண்டைக்கே சொல்லுங்கோ,” என்று போனில் சொன்னார்.

எதை வாங்குவது என்றுகூடப் பார்த்து வைத்துவிட்டேன். போன் கதையைக் கேட்டிருந்த மனைவி தேத்தண்ணியோடு என் வலப்பக்கமாக வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

“இஞ்சாருங்கோ, பல்ப் எரியாட்டி மற்ற அறையிலை பூட்டிப் பாப்பமெல்லோ. உதுகளையும் ஒருக்கா இடம் மாத்தி வைச்சுப் பாருங்கோவன்.”

“உந்தப் பெட்டியளைப் பற்றி எனக்குத் தெரியாதோ?” என்றேன்.

அவர் சமைக்கக் குசினிக்குப் போகும்வரை காத்திருந்துவிட்டு மாற்றி, குரலை இரண்டு பெட்டிக்கும் சம அளவில் விட்டேன். சோர்ந்த பெட்டி இப்போது வலப்பக்கத்தில். இனிக் குரல் இடப்பக்கம் சாய வேண்டும். சாயவில்லை, முன்போலவே வலப்பக்கம் போனது. வயர்களை மாற்றினேன், அப்படியேதான். கடைசியில் கதிரையைத் திருப்பிப் போட்டு, பெட்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து கேட்டேன். அப்போதும் குரல் என் வலக்காதுப் பக்கமே போய் நின்றது.

பயந்துபோனேன். பெட்டிகளுக்கு ஒன்றும் இல்லை, குறைந்தது என் இடக்காது. இளவயதில் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் வேலை செய்தேன். திருவிழாவுக்குத் திருவிழா, பனையில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே இடக்காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தவன் நான். ஸ்பீக்கர் என்றால் மச்சான் கொண்டுவருவார், காதுக்கு எங்கே போவது? இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது.

ஆனால் அந்தியேட்டிக்கு நாலு நாள்தான் இருந்தது. நான் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தால் அந்தப் பெண்ணின் தாயுடைய பாட்டு நடுவுக்கு வரப்போவதில்லை. அதே கதிரையில்தான் வழியும் கிடைத்தது. பெட்டிகளைப் பார்த்தபடி இருந்து ஒருமுறை சேர்த்தேன். திரும்பி இருந்து இன்னொருமுறை சேர்த்தேன். என் காதின் பிழை முதல்முறை குரலை ஒரு பக்கம் இழுத்திருந்தது, மறுமுறை மற்றப் பக்கம். இரண்டுக்கும் நடுவில் குரலை நிறுத்தினேன். திரையின் கோடுகளையும் அன்றுதான் ஒரு பொருட்டாக மதித்துப் பார்த்தேன். அவையும் அதையே காட்டின.

அடுத்தநாள் காலை லண்டனிலிருந்து பதில் வந்தது.

“இப்ப சரி அண்ணை. நடுவிலை வந்திட்டுது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டனான்.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு காது குறைந்தாலும் எங்கே குறைகிறது என்று தெரிந்தவனுக்கு வேலை ஓடும்; இன்னும் பத்து வருடத்துக்கு என்னை இந்த அறையிலிருந்து யாரும் எழுப்ப முடியாது. பழைய பெட்டிகளே போதும், கைவீசிக்கொண்டு வரச் சொல்லி மச்சானுக்கு அறிவித்தேன்.

மத்தியானம் சாப்பிட இருந்தபோது, தொண்டையைச் செருமிவிட்டு, காது விஷயத்தை மனைவியிடம் சொன்னேன். அவர் அகப்பையைக் கீழே வைக்கவுமில்லை.

“தெரியும். மூண்டு வரியமா உங்கடை வலப்பக்கத்திலை நிண்டுதானே கதைக்கிறன்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னா நம்பியிருப்பியளோ?”

எனக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, எப்போதும்போல என் வலப்பக்கத்துக் கதிரையில் இருந்தார்.