என் நாத்தனார் அழிக்க மறந்த ஸ்டூல்

எங்கள் கம்பெனி வாசலில் மாட்டப்போகும் என் நாத்தனாரின் படத்துக்குக் கீழே போட, அவளைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார் மேனேஜர். அமைதியானவர், உழைப்பாளி, கலைஞர் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்றில் முதலாவது மட்டும்தான் சத்தியமான உண்மை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். அவளை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதை மறைத்து எழுத எனக்கு வராது.

அவள் என் வீட்டுக்காரரின் கடைசித் தங்கை. வீட்டில் அவளுக்குச் 'சின்னது' என்று பெயர். முப்பது தாண்டியும் சின்னதுதான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பெண் என்று என் மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். காலையில் நேரத்துக்கு எழுந்திருக்கவும் தெரியாது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

படிப்பு சுமார். முதல் வேலை, சோபாவும் கட்டிலும் விற்கும் ஒரு பெரிய கடையில். கடைக்குள்ளேயே மாதிரி அறைகளை அமைத்து வைக்க வேண்டும். இங்கே ஒரு நாற்காலி, அங்கே ஒரு விளக்கு, மேசைமேல் ஒரு கவிழ்த்த புத்தகம். அவள் அமைத்த அறைக்குள் வந்தவர்கள் சோபாவில் உட்கார்ந்து, விலை கேட்க வந்ததையே மறந்து, ஊர்க்கதை பேசிவிட்டுப் போனார்களாம். ஒரு பெரியவர் குறட்டை விட்டே தூங்கிவிட்டார். வியாபாரம் நடக்கவில்லை என்று அவளை அனுப்பிவிட்டார்கள். பிறகு கல்யாணம் நடந்தது. அது ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. ஒரு பெட்டியோடு திரும்பி வந்து, எங்கள் நடு அறை ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். ஏன், என்ன என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அத்தை தினமும் சாப்பாட்டு நேரத்தில் என் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். "ஏம்மா, உங்க ஆபீஸ்ல ஏதாவது இருக்குமா?" என்று வாய்விட்டே கேட்ட அன்று, சரி என்று தலையாட்டினேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அன்றைக்குத்தான்.

எங்கள் கம்பெனியில் வீடியோ கேம் செய்கிறோம். கேமுக்குள் ஒரு உலகம் இருக்கிறது இல்லையா, அந்த உலகத்தின் பழங்கதைகள், தெய்வங்கள், சாபங்கள், சடங்குகள் எல்லாவற்றையும் எழுதுவது நான். சும்மா அடித்துவிடுகிற வேலைதானே என்று என் வீட்டுக்காரரே ஒரு தடவை கேட்டார். அதன்பிறகு கேட்டதில்லை. நூலகத்தில் யாரும் தொடாத அலமாரிகளை நான் தொட்டிருக்கிறேன். சாவு வீட்டில் கண்ணாடியை ஏன் துணியால் மூடுகிறார்கள், புதைத்துவிட்டுத் திரும்பும்போது ஏன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்கிறார்கள், செத்தவரின் பெயரை எத்தனை நாள் உச்சரிக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று தேடித் தேடிப் படித்தவள். அந்தப் படிப்பையெல்லாம் பிழிந்து நான் செய்ததுதான் 'ஏழு வாசல்'.

எங்கள் கேமின் கடைசிப் பகுதி அது. நாயகன் இறந்துபோன தனக்கு வேண்டியவரை வழியனுப்ப ஒரு பாழடைந்த கோட்டைக்குள் போகிறான். ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டும், கண்ணாடியை மூட வேண்டும், இறந்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும், பின்பக்கமாகவே நடந்து உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு ஒப்பாரி எழுதினேன். அதை ஒலிப்பதிவு செய்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அதே கோட்டையில் கல் அடுக்கும் வேலை என் நாத்தனாருக்கு. நிஜக் கல் இல்லை, திரையில் அடுக்குகிற கல். தூண் எங்கே உடைந்திருக்க வேண்டும், படிக்கட்டில் எந்தப் படி சரிந்திருக்க வேண்டும், மேலே வானம் தெரிய எவ்வளவு பெரிய ஓட்டை என்று பார்த்துப் பார்த்து வைப்பாள். இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. திரையில் வெறும் கல்லைப் பார்த்தால் அது மலையளவா முழங்கால் அளவா என்று தெரியாது. அதனால் அளவு பார்க்கப் பக்கத்தில் ஒரு மனித பொம்மையை நிறுத்திக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் பொம்மையை அழித்துவிட வேண்டும். இவளுக்கு அந்தப் பொம்மை ஆகாது.

"அது என்னையே பாக்குது அண்ணி. வேலையே ஓடல," என்றாள்.

பொம்மைக்குப் பதில் ஒரு சாதாரண மர ஸ்டூலை வைத்துக்கொண்டாள். எங்கிருந்து பார்த்தால் அந்த இடம் முழுதும் சரியாகத் தெரிகிறதோ அங்கே ஸ்டூலைப் போட்டு, அந்த உயரத்திலிருந்தே பார்த்துப் பார்த்துக் கல்லை நகர்த்துவாள். எங்கள் கேமில் உட்காரும் சாமான் எதை வைத்தாலும் அதில் உட்கார முடியும்படி தானாகவே அமைந்துவிடும். கேம் வெளியாவதற்கு முன் எல்லா ஸ்டூலையும் அழித்தாள். ஏழாவது வாசலுக்கு உள்ளே, பெரிய மண்டபத்தில் போட்டிருந்த ஸ்டூலை மட்டும் மறந்துவிட்டாள்.

கேம் வெளிவந்தது. எத்தனை பேர் எந்தப் பொத்தானை அழுத்துகிறார்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஏழு வாசலுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் முதல் வாசலிலேயே, சடங்கைச் செய்யாமல் தாண்டிப் போக வைக்கும் 'ஸ்கிப்' பொத்தானை அழுத்தியிருந்தார்கள். என் ஒப்பாரியின் முதல் அடி முடிவதற்குள். போகட்டும், சின்னப் பசங்கள், பொறுமை இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பொறுமை இல்லாத அதே பசங்கள் மண்டபத்துக்குள் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். சும்மா. அரை மணி நேரம்கூட.

முதலில், கடைசிச் சண்டைக்கு முன் அதில் உட்கார்ந்தால் ஜெயிக்கலாம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அப்புறம், உட்கார்ந்திருக்கும்போது பேசக் கூடாது என்று ஆனது. எங்கள் கேமில் மற்ற ஆட்டக்காரர்கள் புகை உருவமாகத் தெரிவார்கள். ஒருவர் உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் பின்னால் வரிசையாக நிற்க ஆரம்பித்தார்கள். அந்த மண்டபத்தில் ஒருவரை ஒருவர் அடிப்பது பாவம் என்றார்கள். அடித்தவனோடு மற்றவர்கள் சேர்ந்து ஆடுவதில்லை. அது மகனுக்காகக் காத்திருந்த தாயின் இருக்கை என்று ஒரு கதை. இல்லை, கோட்டையைக் கட்டிய கொத்தனார் உட்கார்ந்த இடம் என்று இன்னொன்று. எல்லாவற்றையும்விட என்னைக் கொன்றது வேறு. உட்காரும் முன் தங்கள் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். ஏழு வாசலில் ஏழு தடவை வை, வை என்று நான் கெஞ்சியும் வைக்காத ஆயுதத்தை, யாரும் சொல்லாமல், ஒரு ஸ்டூலுக்கு முன்னால் வைத்தார்கள்.

நான் புத்தகத்தில் படித்துப் படித்துத் தேடியது எல்லாம் அங்கே என் கண்ணெதிரே தானாக முளைத்துக்கொண்டிருந்தது. அது என்னுடையதில் முளைக்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆபீஸில் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அதுவரை 'தூங்குமூஞ்சி' என்று கூப்பிட்டவர்கள் 'மேடம்' என்றார்கள். வீட்டில் அத்தை கேம் என்றால் என்னவென்றே தெரியாமல் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் செய்தி சொல்லிவிட்டு வந்தார். "சின்னது ஒரு ஸ்டூலு போட்டாளாம். உலகமே வந்து உக்காருதாம்." என் வீட்டுக்காரர் சிரித்தார். அவரோடு நான் ரெண்டு நாள் பேசவில்லை.

இரண்டாவது கேமுக்கான வேலை தொடங்கியபோது மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். சடங்கு என்று ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது என்றார். ஒன்று ஏழு வாசல், இல்லையென்றால் ஸ்டூல்.

"ஸ்டூலை வச்சுக்கிட்டா, அதுக்கு ஒரு பழங்கதை நீங்கதான் எழுதணும்," என்றார். "உங்களை விட்டா யாரு இருக்கா?"

என் குழந்தையை வெளியே தள்ளிவிட்டு அவள் குழந்தைக்கு நான் பெயர் வைக்க வேண்டுமாம். முகத்தில் ஒன்றையும் காட்டிக்கொள்ளாமல் எழுந்து வந்தேன்.

அன்று சாயங்காலம் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் நின்று, நான் கழுவியதைத் துடைத்து வைத்தாள்.

"கோவமா அண்ணி?"

"எனக்கென்ன கோவம்."

"டம்ளரை வைக்கிற சத்தத்துலயே தெரியுது."

"தெரிஞ்சா சரி. எத்தனை வருஷம் படிச்சு எழுதினது அது. நீ அழிக்க மறந்த ஒரு ஸ்டூலு அதை முழுங்கிடுச்சு. உனக்கு மட்டும் எங்கிருந்துடி இப்படி வாய்க்குது?"

"எனக்கு என்ன வாய்ச்சுது அண்ணி?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் துணியை மடித்தாள். "நாளைக்கு மீட்டிங்ல சொல்லிடறேன். அது தப்பா நின்னது, எடுத்துடுங்கன்னு."

"நீ ஒண்ணும் எனக்குப் பிச்சை போட வேண்டாம்."

"அங்க என்ன சத்தம்?" என்று கூடத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல அத்தை, டம்ளர்," என்றேன்.

சொன்னபடியே செய்தாள். மறுநாள் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்றாள். கூட்டத்தில் அவள் வாயைத் திறந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அது அளவு பாக்க வச்சது சார். அழிக்க மறந்துட்டேன். அண்ணியோட வாசல்தான் நிஜமான வேலை. அதையே வச்சுக்கோங்க," என்றாள். உட்கார்ந்துவிட்டாள். எனக்கு நன்றி வரவில்லை. நல்லவள் என்ற பெயரையும் இவளே தட்டிக்கொண்டு போகிறாளே என்றுதான் பற்றிக்கொண்டு வந்தது.

யார் வாய் சும்மா இருக்கும்? அது அழிக்க மறந்த ஸ்டூல் என்ற விஷயம் ஆட்டக்காரர்களுக்கும் போய்விட்டது. இனி சிரிப்பார்கள், கலைந்து போவார்கள் என்று காத்திருந்தேன். ஆசையாகவே காத்திருந்தேன். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். ஆனால் வரிசை குறையவில்லை, கூடியது. ஒரு பெண் எழுதியிருந்தாள்: "அப்போ யாரோ ஒருத்தர் நிஜமாவே அங்கே உக்காந்து இதையெல்லாம் பாத்திருக்காங்க. கதையில இல்ல, நிஜமாவே. எனக்கு அது போதும்." அதற்குக் கீழே ஆயிரக்கணக்கில் ஆமாம், ஆமாம் என்று போட்டிருந்தார்கள்.

மேனேஜர் நல்ல மனிதர். அவளைக் கேட்காமல் என்னைக் கேட்டார். "முடிவை உங்க கையிலயே விட்டுடறேன். ஏழு வாசல் ஏன் இருக்கணும்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. சொன்னீங்கன்னா ஸ்டூலை எடுத்துடறேன்."

இதைவிட என்ன வேண்டும்? கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழு வாசலையும் நானே ஒரு தடவை ஆடி, ஒவ்வொன்றுக்கும் காரணம் குறித்துக்கொண்டு, மேனேஜர் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடலாம் என்று எண்ணம். முதல் வாசலில் ஒப்பாரியை முழுதாகக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது வாசலில் கண்ணாடியை மூடினேன், பெயரைச் சொன்னேன், பின்பக்கமாக நடந்தேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது வாசலில் ஒப்பாரி தொடங்கியதும் என் கட்டைவிரல் 'ஸ்கிப்' பொத்தானை அழுத்தியது. எனக்கே தெரிந்த பாட்டுதானே, நேரம் மிச்சம் என்று சொல்லிக்கொண்டேன். நாலாவதிலும் அழுத்தினேன். மிச்ச மூன்றிலும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. அழுத்தினேன், போனேன்.

மண்டபம் வந்தது. நல்ல வேளையாக ஸ்டூல் காலியாக இருந்தது. குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் ஒன்றும் நடக்கவில்லை. பாட்டு இல்லை, பரிசு இல்லை, அடுத்து இதைச் செய் என்று யாரும் சொல்லவில்லை. எதிரே சரிந்த படிகள், பாதியில் நின்ற தூண், அதற்கு மேல் ஓட்டை வழியே கொஞ்சம் வானம். ஒரு கல்லை இந்தப் பக்கம் தள்ளியிருந்தாலும் கெட்டுப்போயிருக்கும். பாவி, என்னமாய் வைத்திருக்கிறாள் என்று வாய்விட்டே சொன்னேன். அந்த நிமிடம் அவள்மேல் நான் பொறாமைப்பட்ட மாதிரி வேறு யார்மேலும் பொறாமைப்பட்டதில்லை.

எங்கள் அப்பா ஞாபகம் வந்தது. அவர் இறந்துபோன அன்று எல்லாக் காரியத்தையும் ஓடி ஓடிச் செய்தவள் நான். யார் யாருக்குச் சொல்ல வேண்டும், யாருக்கு எங்கே படுக்கை, யார் எதைப் பிடிக்க வேண்டும் என்று அத்தனையும் என் தலையில், உட்கார நேரமில்லை. ஏழு வாசலை எழுதிய அத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட அவர் ஞாபகம் வந்ததில்லை.

கையிலிருந்த வாளைக் கீழே வைத்தேன். எனக்குப் பின்னால் ஒரு புகை உருவம் வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. எத்தனை நேரம் ஆனதென்று தெரியவில்லை, வரிசை படிக்கட்டு வரைக்கும் போயிருந்தது. கதவு தட்டும் சத்தம் கேட்டது. மேனேஜர் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"என்ன முடிவு பண்ணீங்க?"

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் இருங்க சார்," என்றேன். "இப்பத்தான் உக்காந்தேன்."